தலைவர் இட்ட முட்டை

பறவைகளுக்கு நிறம் கொடுத்தது இயற்கை என்று பள்ளிக்கூடங்களில் இன்னமும் சொல்லித் தருகிறார்கள். பாவம், பழைய பாடப்புத்தகம். இயற்கை கொடுத்தது வெறும் சாயம். அந்தச் சாயத்துக்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்து, எது ஆண், எது பெண், எது யாருக்காக இப்படிப் பளபளக்கிறது என்றெல்லாம் வரையறுத்து, பறவைக் குலத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது எங்கள் பறவை வண்ண ஆய்வு நிலையம்தான். நாங்கள் தோன்றுவதற்கு முன்னால் பறவைகள் எப்படித் தங்களுக்குள் ஆண் பெண் அடையாளம் கண்டு குடும்பம் நடத்தின என்பது இன்றுவரை விடை தெரியாத கேள்வி.

அந்த நிலையத்தில் நான் செயலாளர். குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. கூட்டத்தில் பேசியதை எழுதுகிறவன் எழுத்தர். பேசியிருக்க வேண்டியதை எழுதுகிறவன் செயலாளர். இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் எங்கள் இயக்குநர்.

இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நிலையத்தில் ‘தோகையார்’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. அவர் காதில் விழுந்தபோது மகிழ்ந்துபோனார் என்பது தெரியும். மீன்கொத்தி நீலத்தில் கோட்டு, மாங்குயில் மஞ்சளில் கழுத்துப் பட்டை, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்கள். அவர் தாழ்வாரத்தில் நடந்து வந்தால் சுவரில் தொங்கும் பறவைப் படங்கள் கொஞ்சம் வெளிறித் தெரியும். தலை நரைக்கும்வரை பறவைகளின் நிறத்தை ஆராய்ந்தவர் அவர். நரையும் ஒரு நிறம்தான் என்பதால் அதையும் ஆராய்ந்து, கறுப்பாக மாற்றிக்கொண்டார்.

அத்தனை கால ஆராய்ச்சியின் சாறாக அவர் உலகுக்கு அளித்ததுதான் ‘நிற நியதி’. ஒரே வரி. “ஆண் மிளிர்வான்; பெண் மறைவாள்.” மயிலைப் பாருங்கள், சேவலைப் பாருங்கள், பிறகு என்னைப் பாருங்கள் என்பார். மூன்றையும் வரிசையாகப் பார்த்த யாருக்கும் மறுத்துப் பேச வாய் வந்ததில்லை.

ஒரே ஒருத்திக்கு வந்தது. அவள் எங்கள் நிலையத்தின் பறவை மருத்துவர். எல்லோரும் அவளை டாக்டரம்மா என்பார்கள். நானும் அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், ஏனென்றால் அவள் என் மனைவி.

“மயிலோட தோகையை வளர்த்ததே பெண் மயில்தான் சார்,” என்றாள் ஒருமுறை கூட்டத்தில். “நல்ல தோகையா பார்த்துப் பார்த்து அதுதான் தேர்ந்தெடுத்துது. வேண்டாம்னு ஒதுக்கினதோட வம்சம் இல்லாமப் போச்சு. தலைமுறை தலைமுறையா இப்படிப் பொறுக்கி எடுத்ததுலதான் இவ்வளவு நீளமாச்சு. ஆம்பிளைங்க என்னவோ தாங்களே தைச்சுப் போட்டுக்கிட்ட மாதிரி பேசறோம்.”

தோகையார் பெருந்தன்மையாகச் சிரித்தார். “சரி, ரசிகைன்னு வெச்சுக்கலாம். கலைஞன் ஆண்தானே?”

“மயில் உள்ளான்னு ஒரு நீர்ப்பறவை, அதுல பெண்தான் சார் அழகு. ஆண்தான் அடைகாக்குது.”

“அது விதிவிலக்கு. விதிவிலக்குகளுக்குத் தனிக் குழு போட்டிருக்கோம், செயலாளரே, போட்டிருக்கோமா?”

“போட்டிருக்கோம் சார்,” என்று சொல்லிவிட்டு அப்போதே போட்டேன்.

இப்படி நியதி செழித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கிளி ஜோடி வந்து சேர்ந்தது.

நிலையத்தில் புதிதாக ‘வண்ண மண்டபம்’ என்று ஒரு கூடம் கட்டியிருந்தோம். கண்ணாடிக் கூரை, உள்ளே மரக்கிளைகள், மக்கள் நடந்து பார்க்கப் பாதை. அதற்கு நாயகமாக இருக்கட்டும் என்று கடல் தாண்டிய தீவுகளிலிருந்து வரவழைத்த கிளிகள் அவை. ஒன்று இலைப் பச்சை. கிளையில் உட்கார்ந்தால் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று இரத்தச் சிவப்பு; மார்பில் ஊதா கலந்த நீலம். ஒரே இனம் என்று சொன்னால் நம்ப முடியாது. முதன்முதலில் பார்த்த பழைய ஆய்வாளர்களே இரண்டையும் வேறு வேறு இனம் என்று எழுதிவைத்தார்களாம்.

தோகையார் சிவப்புக் கிளிக்கு முன்னால் நின்று கோட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். நெடுநாள் பிரிந்த சகோதரனைப் பார்த்ததுபோல அவர் கண் கலங்கியது.

“இவர்தான் ஆண்,” என்றார்.

மறுநாளே பால் நிர்ணயக் குழு கூடியது. எங்கள் நிலையத்தின் சட்ட ஆலோசகரும் வந்திருந்தார். டாக்டரம்மா எழுந்தாள்.

“சார், பச்சைதான் ஆண். சிவப்பு பெண். அனுப்பினவங்களே சொல்லியிருக்காங்க. நானும் ஒரு இறகை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துட்டேன். சந்தேகமே இல்ல.”

“ஆய்வகத்துல எத்தனை பேர் உட்கார்ந்து முடிவு பண்ணாங்க?” என்று கேட்டார் தோகையார்.

“பேர் எல்லாம் இல்ல சார். இயந்திரம்.”

“ஒரு இயந்திரம். இங்கே நாங்க ஏழு பேர் இருக்கோம்.”

வாதத்தின் கூர்மையில் குழு அசந்துபோனது. டாக்டரம்மா விடவில்லை. “பச்சையா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு சார்...”

“காரணம் எனக்குத் தெரியும். அடக்கம். அதோட அலகைப் பாருங்க. அந்தப் பச்சைக்கு அலகு ஆரஞ்சு நிறம். சிவப்புக்கு வெறும் கறுப்பு. உதட்டுச் சாயம் யார் பூசுவாங்க, டாக்டரம்மா?”

சட்ட ஆலோசகர் மேசையைத் தட்டினார். “இது சான்று. இதை ஏற்கலாம்.”

கைதூக்கி வாக்கெடுத்தோம். சிவப்புக் கிளி பெரும்பான்மை பலத்தோடு ஆணாயிற்று. என் கையும் உயர்ந்தது. மின்விசிறிக் காற்று அன்று கொஞ்சம் பலமாக இருந்தது, அதனால் இருக்கலாம். சிவப்புக்குத் ‘தலைவர்’ என்றும் பச்சைக்குத் ‘துணைவி’ என்றும் பட்டம் கொடுத்துப் பலகை எழுதச் சொன்னார் தோகையார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது என் மனைவி கேட்டாள்: “என்னங்க, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் கையைத் தூக்கினீங்க?”

“தெரியறது வேற, தீர்மானம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. துணை இயக்குநர் பதவி காலியா இருக்கு, ஞாபகம் இருக்கா?”

அவள் பேசாமல் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

தீர்மானத்தின்படி மண்டபத்தைக் கம்பிவலை கட்டி இரண்டாகப் பிரித்தோம். துணைவிக்கு உட்புறம் அமைதியான மகப்பேறு அறை. அதில் தேக்கில் செய்த கூட்டுப் பெட்டி, இழைத்த மரச்சுருள், மங்கிய வெளிச்சம். தலைவருக்கு முன்புறம் திறந்த அரங்கம். பெரிய கிளை, நல்ல வெயில், பார்வையாளர் பாதைக்கு நேர் எதிரே. குழுவின் கணிப்பின்படி இருவரும் மகிழ்ச்சியில் திளைத்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. துணைவி கூட்டுப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பகல் முழுக்கக் கம்பிவலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தான் தின்ற பழத்தை எல்லாம் கக்கி வலைக்கண் வழியாகத் தலைவருக்கு ஊட்டப் பார்த்தது. பாதி கீழே சிந்தியது.

இதைக் கண்ட தோகையார் உருகிவிட்டார். “பசியை அடக்கிக்கிட்டுக் கணவனுக்கு ஊட்டறா! செயலாளரே, இதையும் பலகையில சேருங்க.” சேர்த்தோம். ‘உண்டி சுருக்கித் துணைவனைப் போற்றும் உத்தமி’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். தாய்மார்கள் சிலர் அதைத் தங்கள் மகள்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். மகள்கள் சிலர் நடையை எட்டிப் போட்டார்கள்.

தலைவரின் நடத்தைதான் கவலை தந்தது. கிளையில் நிற்காமல் தரையில் இறங்கி மூலை முடுக்கெல்லாம் நுழைந்து பார்த்தது. நாற்காலிக் கால்களைக் கடித்தது. திறப்பு விழாவுக்காகப் போட்டிருந்த மேடைக்கு அடியில் புகுந்து மணிக்கணக்கில் பறண்டியது.

“பாருங்க!” என்றார் தோகையார். “மேடையை விட்டு நகர மாட்டேங்கறார். பிறவித் தலைவர்!”

டாக்டரம்மா குனிந்து மேடைக்கடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. “சார், இது விளையாட்டு இல்ல. முட்டை வைக்க இருட்டா ஒரு பொந்து தேடுது. வயிறு உப்பியிருக்கு பாருங்க. இடம் கிடைக்காம அடக்கி அடக்கி வெச்சா முட்டை உள்ளேயே சிக்கிக்கும். உயிருக்கே ஆபத்து.”

“தொப்பை,” என்றார் தோகையார். “தலைமைப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு வரும்.” தன் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

“ஒரு கூட்டுப் பெட்டியாவது இந்தப் பக்கம் வையுங்க சார். வேற எதுவும் கேக்கல.”

தோகையார் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகர் கண்ணை மூடி விதிகளை மனதுக்குள் புரட்டினார். “ஆண்களுக்கு மகப்பேறு வசதி செய்து தர நம்ம விதியில இடமில்ல.”

“அப்ப வலையைக் கழட்டுங்க. அது உள்ள போய்க்கும்.”

“பெண்கள் பகுதிக்குள்ள தலைவரை அனுமதிக்கறதா? விழாவுக்கு மேலிடத்துலேருந்து வராங்க, டாக்டரம்மா. பேர் கெட்டுப்போயிடும்.”

அன்று மாலை ஊழியர்கள் போன பிறகு, என்னைத் தேடிக்கொண்டு டாக்டரம்மா என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பை. “கொஞ்சம் வாங்க, ஸ்டூலைப் பிடிக்கணும்.”

மண்டபத்தின் முன்புறச் சுவரில் ஓர் ஆலோசனைப் பெட்டி மாட்டியிருக்கும். கனமான மரப்பெட்டி. மக்கள் தங்கள் மேலான ஆலோசனைகளை எழுதிப் போடலாம் என்று வைத்தது. வைத்த நாளிலிருந்து யாரும் எதுவும் போட்டதில்லை, நாங்களும் திறந்ததில்லை. இருதரப்பிலும் அப்படி ஒரு நல்லுறவு. அவள் ஸ்டூலில் ஏறி அதன் மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியை அப்புறப்படுத்தினாள். பைக்குள்ளிருந்து மரச்சுருளை அள்ளி உள்ளே போட்டாள்.

“என்ன பண்றே?”

“ஆலோசனை சொல்றேன். ஆலோசனைப் பெட்டிதானே?”

“குழுவோட அனுமதி இல்லாம...”

“நீங்க பார்க்காதீங்க. ஸ்டூலை மட்டும் பிடிங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். செயலாளர் பார்த்தால் அது பதிவாகிவிடும். திறந்தபோது தலைவர் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சிவப்புத் துணியை யாரோ உள்ளே இழுத்ததுபோல மறைந்துவிட்டது. என் மனைவி ஸ்டூலில் நின்றபடியே கொஞ்ச நேரம் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டாள். அப்படி ஒரு நிம்மதி அவள் முகத்தில்.

திறப்பு விழா. நாடாவை வெட்ட மேலிடத்திலிருந்து வந்தவர் ஓர் அம்மையார், மூத்த அதிகாரி. சாம்பல் நிற உடுப்பு, சாம்பல் நிறத் தலை, சாம்பல் நிறக் கைப்பை. அவருக்கு முன்னால் காரிலிருந்து ஓட்டுநர் இறங்கியபோது, அவர்தான் விருந்தினர் என்று நினைத்துத் தோகையார் பூங்கொத்தை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார். ஓட்டுநரின் உடுப்பில் பித்தளைப் பொத்தான்கள் இருந்தன. நியதியில் ஊறியவர்களுக்கு இது நேர்வதுதான்.

அம்மையார் நாடாவை வெட்டினார். பலகைகளை எல்லாம் நின்று நிதானமாகப் படித்தார். உத்தமிப் பலகைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு அரங்கத்துக்குள் கண்ணை ஓட்டினார்.

“தலைவர் எங்கே?”

எல்லோரும் பார்த்தோம். கிளை காலி. மேடையடி காலி.

“தலைவர்...” தோகையார் ஒரு கணம்தான் தயங்கினார். “பணி நிமித்தமா உள்சுற்றுப்பயணத்துல இருக்கார்.”

அப்போது சுவரிலிருந்து பறண்டும் சத்தம் கேட்டது. கூட்டம் முழுவதும் ஆலோசனைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது. தோகையார் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா? மக்களோட ஆலோசனைகளைத் தலைவரே நேரடியாப் படிக்கிறார்!” கைதட்டல் எழுந்தது. அந்த உற்சாகத்தில் அவர் ஸ்டூலில் ஏறி, தலைவரை வெளியே எடுத்து விருந்தினருக்கு அறிமுகம் செய்யும் எண்ணத்தோடு, பெட்டிக்குள் கையை விட்டார்.

அவர் எழுப்பிய ஒலியை ஆணின் அழைப்பொலி என்று நம் நூல்கள் வகைப்படுத்தக்கூடும்.

டாக்டரம்மா ஓடிவந்து அவரை இறக்கினாள். சட்ட ஆலோசகர் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே மரச்சுருள் மெத்தையில் தலைவர் சிறகை விரித்து, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

கம்பிவலைக்கு அப்பால் துணைவி பழம் கக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“இது முட்டைதானே?” என்றார் அம்மையார்.

“முட்டையின் வடிவில் இருக்கிறது,” என்றார் சட்ட ஆலோசகர். “ஆனா இதை இவர்தான் இட்டார்னு சொல்ல நேரடி சாட்சி இல்லைங்க. இப்போதைக்கு அதுமேல உட்கார்ந்திருக்கார், அவ்வளவுதான் சொல்ல முடியும். உட்கார்ந்திருக்கறதெல்லாம் உட்கார்ந்தவங்களோடதுன்னு ஆகாது. உதாரணத்துக்கு, நாற்காலி.”

“நான் மூணு பிள்ளை பெத்தவ,” என்றார் அம்மையார். “அது உட்கார்ந்திருக்கற தோரணையைப் பார்த்தாலே தெரியுது. இது யாரு முட்டைன்னு குழுவெல்லாம் போட வேண்டாம்.”

போட வேண்டாம் என்று சொல்லப்பட்டது எங்கள் நிலைய வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். நியதி முடிந்தது, தோகையார் முடிந்தார், என் பதவி உயர்வும் முடிந்தது என்று நினைத்தேன். அவரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

தோகையார் மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா மருந்து போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“சிவப்பா இருந்துக்கிட்டு எப்படி டாக்டரம்மா பெண்ணா இருக்கும்?” அவர் குரலில் உண்மையான வேதனை. விரலுக்கா நியதிக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் இளகிவிட்டாள். வலிக்கிற எந்த உயிரையும் அவளால் கண்டிக்க முடியாது. கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “அதுங்க ஊர்ல நல்ல மரப்பொந்து கிடைக்கறது ரொம்பக் கஷ்டம் சார். பெண்கள் பொந்துக்காகச் சண்டை போட்டுச் செத்தே போகும். கிடைச்சதும் மாசக்கணக்குல வாசல்ல உட்கார்ந்து காவல் காக்கும். ‘இங்க ஆள் இருக்கு, கிட்ட வராதே’ன்னு தூரத்துலயே தெரியணும், அதுக்குத்தான் அந்தச் சிவப்பு. பருந்து வந்தா பொந்துக்குள்ள போயிடலாம், ஒளியற நிறம் தேவையில்ல. ஆண் அப்படி இல்ல. காடு முழுக்கப் பறந்து பழம் தேடி வந்து ஊட்டணும். அதைப் பருந்து பார்க்கக் கூடாது, அதனால இலை மாதிரி பச்சை. யாரு எங்க இருக்காங்க, யாருக்கு என்ன ஆபத்துங்கறதுதான் சார் கணக்கு. ஆண் பெண்ணுங்கறது இல்ல.”

“ஓகோ,” என்றார் தோகையார். “அப்ப மத்த பறவைகள்ல?”

“பல இனங்கள்ல ஆதியில ரெண்டுமே பளிச்சுன்னுதான் இருந்திருக்கு. அப்புறம்தான் பெண் நிறத்தை இழந்துது. நாம எப்பவும், ஆணுக்கு நிறம் எப்படி வந்துதுன்னே கேக்கறோம். பெண்ணுக்கு ஏன் போச்சுன்னும் கேக்கணும் சார்.”

“பெண்ணுக்கு ஏன் போச்சு...” தோகையார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நல்ல துணியை விரலால் தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. “கட்டு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

அவர் எழுந்து நேரே மேடைக்குப் போனார். கட்டுப் போட்ட விரலை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது.

“நண்பர்களே! ஆணுக்கு நிறம் எப்படி வந்தது என்று உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெண்ணுக்கு நிறம் ஏன் போனது என்று நான் கேட்கிறேன்!”

மண்டபம் அதிர்ந்தது. பொந்தைச் சொன்னார், பருந்தைச் சொன்னார், இலைப் பச்சையைச் சொன்னார். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு என்ன ஆபத்து என்பதே கணக்கு என்றார். பல ஆண்டுகளாகத் தன் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த உண்மையை இன்று உங்கள் கண்முன் நிரூபிக்கவே தலைவர் என்ற பெயரை வேண்டுமென்றே ஒரு பெண்ணுக்குச் சூட்டினேன் என்று சொன்னபோது முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பறவைகளின் நிறம் மாறப் பல ஆயிரம் தலைமுறைகள் வேண்டும் என்கிறார்கள். எங்கள் இயக்குநருக்கு ஒரு கட்டுத்துணி நீளம் போதுமாயிருந்தது. பரிணாமத்தை இத்தனை விரைவாக நடத்திக்காட்டிய இன்னொரு நிலையத்தை நான் அறியேன்.

முடிவில் நன்றி சொன்னார். மேலிடத்துக்கு நன்றி, சட்ட ஆலோசகருக்கு நன்றி. “என் விரலுக்கு அன்போடு மருந்திட்ட டாக்டரம்மாவுக்கும் நன்றி.”

அம்மையார் புறப்படும்போது டாக்டரம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மூடியைக் கழட்டினது நீதானேம்மா?” என்றார். அவள் சிரித்தாள். அம்மையார் என்னையும் பார்த்தார். நான் ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

நல்லதெல்லாம் நடந்தது. வலையைக் கழற்றினோம். துணைவி, அதாவது துணைவர், முதல் வேலையாக ஆலோசனைப் பெட்டிக்குப் பறந்துபோய் வாய் நிறையப் பழத்தை ஊட்டியது. ஒரு துளி கீழே சிந்தவில்லை. தேக்குப் பெட்டியை எவ்வளவு காட்டியும் தலைவர் மாறவில்லை. உரிய காலத்தில் குஞ்சு பொரித்தது. டாக்டரம்மா தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அங்கேதான் போவாள். அவள் கையை மட்டும் அது கடிப்பதில்லை.

பழைய தீர்மானங்களைச் சீர்செய்யும் பணி எனக்கு வந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஆயுள் போதாது. ஆகவே ஒரே குறிப்பில் முடித்தேன்: ‘ஆண் என்று வரும் இடங்களில் பெண் என்றும், பெண் என்று வரும் இடங்களில் ஆண் என்றும் வாசித்துக்கொள்ளவும், இயக்குநரைக் குறிக்கும் இடங்கள் நீங்கலாக.’ தோகையார் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அவர் புதிய நூல் எழுதினார். பெண் பறவைகளின் நிறம் பற்றி உலகமே கவனிக்கத் தவறிய கேள்வியை எழுப்பியதற்காக அவருக்கு விருது கிடைத்தது. நிலையத்தில் பெண்ணிற ஆய்வுப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கினோம். அதில் உறுப்பினர்களாகத் தகுதி வாய்ந்த ஆண்கள் ஏழு பேரை நியமித்தோம். அதன் தலைமையோடு துணை இயக்குநர் பதவியும் எனக்கு வந்தது. விருது விழாவில் இயக்குநருக்குப் பூங்கொத்து கொடுக்கும் பெருமையை டாக்டரம்மாவுக்கு அளிக்கலாம் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அவள் அன்று குஞ்சுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். குஞ்சு நன்றாகத்தான் இருந்தது.

இத்தனை பெருமைக்கு நடுவிலும் பொறாமைக்காரர்கள் இல்லாமல் போவார்களா? ஊழியர்கள் சிலர் அவரை முதுகுக்குப் பின்னால் ‘பச்சோந்தி’ என்று பேசுவதாக என் காதில் விழுந்தது. என் இரத்தம் கொதித்தது. துணை இயக்குநர் என்ற முறையில் ஒரு மறுப்புச் சுற்றறிக்கை தயாரித்தேன். வெளியிடும் முன் வீட்டில் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அப்போது துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“‘நமது இயக்குநரைப் பச்சோந்தி என்பது அறிவியலுக்கு முற்றிலும் முரணானது. பச்சோந்தி தன் தோலின் நிறத்தை மட்டுமே மாற்றிக்கொள்ளும். அடுத்தவருடைய நிறத்தை எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்ளும் வழக்கம் அதற்குக் கிடையாது. எனவே இந்த ஒப்பீட்டை நிலையம் வன்மையாகக் கண்டிக்கிறது.’ எப்படி இருக்கு?”

அவள் மடித்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“அருமையா இருக்குங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. அப்படியே அனுப்புங்க.”

“ஏதாவது விட்டுப்போச்சா?”

“ஒரு வரி சேர்க்கலாம்.” அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அது என்னுடையது. “எந்தப் பச்சோந்தியும் அந்தரத்துல நிக்காது, உட்கார ஒரு கிளை வேணும். நம்ம நிலையத்துல அந்தக் கிளைக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்காங்கன்னு போடுங்க.”

நான் யோசித்துப் பார்த்தேன். “நம்ம நிலையத்துக்குத்தான் கிளையே கிடையாதே?”

“இருக்கு,” என்றாள். “என் எதிர்ல உட்கார்ந்து சுற்றறிக்கை படிக்குது.”